வாய், மூக்கு, கண்: அமீபா நுழையும் மூன்று வாசல்கள்
(இம்மாத சுகாதாரப் பாடம்)



கேரளாவில் "மூளையைத் தின்னும் அமீபா" என்று செய்தி வரத் தொடங்கியதிலிருந்து, நாங்கள் போகிற கூட்டங்களில் எல்லாம் ஒரே கேள்விதான். "நம்ம முல்லை ஆத்துல பிள்ளைக குளிக்கலாமா? குழாய்த் தண்ணி குடிக்கலாமா? தோட்டத்துல சேத்துக்குள்ள நிக்கிறோமே, எங்களுக்கும் வருமா?" வீரபாண்டியிலிருந்து குமுளி மலை ஏறினால் அந்தப் பக்கம் கேரளா. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பப் பக்தர்கள் நம் ஊர் ஆற்றில் குளித்துவிட்டுத்தான் மலை ஏறுகிறார்கள். அதனால் இந்தப் பயம் நியாயமானதுதான்.

பயந்துகொண்டே இருப்பதால் எந்த நோயும் தடுக்கப்படாது. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதியை வேலையாக மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பாடம். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.

அமீபா என்றால் என்ன?

அமீபா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். அதற்குக் கை, கால், வாய் எதுவும் கிடையாது. உடம்பையே கால் போல நீட்டி நகரும். இரையைச் சுற்றி வளைத்து விழுங்கும். நாம் பேசப்போகும் அமீபாக்களில் பலவற்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். ஸ்கேல் குச்சியில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குள் 40 அமீபாவை வரிசையாக நிற்க வைக்கலாம். ஆகவே வெறுங்கண்ணால் பார்க்க வழியே இல்லை. தெளிந்த தண்ணீரிலும் இருக்கலாம், கலங்கிய தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம்.

எல்லா அமீபாவும் கெட்டது அல்ல. நம் வயல் மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை பாக்டீரியாக்களைத் தின்று, அதில் இருக்கும் தழைச்சத்தைப் பயிருக்குக் கிடைக்கும்படி வெளியே விடுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கிறது. அந்த மண்ணில் அமீபாவும் நமக்குக் கூலி கேட்காமல் வேலை செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆபத்தான வகைகள் சிலவே. அவை காலம் சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு தூங்கும். இதை உறைநிலை என்று சொல்லலாம். விதை நெல் மூட்டையில் கிடப்பது போலக் கிடந்து, ஈரமும் இரையும் கிடைத்ததும் முளைக்கும். இந்தக் கூடுதான் நமக்குத் தொல்லை. சில வகைக் கூடுகள் குளோரினுக்கும் அசையாது.

எந்த அமீபா எந்த வழியாக உடம்புக்குள் நுழைகிறது என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும். வாசல் மூன்று: வாய், மூக்கு, கண்.

முதல் வாசல்: வாய்

இதன் பெயர் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. பெயர் புதிது, நோய் பழசு. நாம் சீதபேதி என்கிறோமே, சளியும் ரத்தமுமாகப் போகுமே, அதற்கு ஒரு காரணம் இதுதான். சிலருக்கு ஈரலுக்குப் போய்ச் சீழ் கட்டிவிடும்.

இது மனித மலத்தில் இருந்து வருகிறது. திறந்தவெளியில் கழித்த மலம், உடைந்த கழிவுநீர்க் குழாய், கழுவாத கை, நகக்கண் அழுக்கு வழியாகத் தண்ணீரிலும் சோற்றிலும் சேரும். குழாய்த் தண்ணீர் என்றாலே சுத்தம் என்று நினைப்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1933-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பெரிய ஓட்டல்களில் பழுதான குழாய் இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்துவிட்டது. ஏறத்தாழ 1,400 பேர் அமீபா சீதபேதியில் விழுந்தார்கள். 98 பேர் இறந்தார்கள். பணக்கார நாட்டு ஓட்டலிலேயே அப்படி என்றால், சாக்கடைக்குள் குழாய் ஓடுகிற நம் தெருக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர்க் குழாயில் போடுகிற அளவு குளோரினுக்கு இதன் கூடு முழுவதும் சாகாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். "சூடு ஏறினாப் போதும்"னு ஆவி வந்ததும் இறக்குவது கொதிக்க வைத்ததாகாது.

இரண்டாம் வாசல்: மூக்கு

இதுதான் செய்தியில் வருகிற நெக்லேரியா ஃபௌலேரி. 1965-ல் ஆஸ்திரேலியாவில் ஃபௌலர், கார்ட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோயை முதலில் எழுதினார்கள். வெதுவெதுப்பான நன்னீர் இதற்குப் பிடிக்கும். 45 டிகிரி வெப்பத்திலும் பெருகும். தேங்கிய குளம், வெயிலில் காய்ந்த குட்டை, குளோரின் போடாத நீச்சல் தொட்டி, அடியில் கிளறிவிடப்பட்ட சகதி ஆகியவை இதன் வீடு.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் மூளை நோய் வராது. மூக்குக்குள் வேகமாக ஏறினால்தான் வரும். குதிக்கும்போதும், முங்கும்போதும், மூக்கில் தண்ணீரை உறிஞ்சும்போதும் ஏறும். அங்கிருந்து வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போகும். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளி வீட்டை ஒதுக்கி வைப்பது தவறு.

குழாய்த் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மூக்குக் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்திய இரண்டு பேர் இறந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு மேலே நெடுந்தூரம் வெயிலில் கிடந்த குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் சூடாகி அமீபா பெருகியது. குளோரினைக் கடைசிக் குழாய் வரை சரியாக நிலைநிறுத்திய பிறகு அங்கே நோய் அடங்கியது. நம் மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியைப் பங்குனி, சித்திரையில் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடுதான் விஷயம். யோகா வகுப்பில் சொல்லித் தரும் ஜலநேத்தி செய்கிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும் செய்ய வேண்டும்.

கேரளாவில் 2016-ல் ஆலப்புழையில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். 2024-ல் 36 பேருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டு, 9 பேர் இறந்தார்கள். 2025-ல் செப்டம்பர் நடுப்பகுதிக்குள்ளேயே 69 பேர், 19 மரணம் என்று அரசுக் கணக்கு வந்தது. அங்கே நெக்லேரியா மட்டும் இல்லை, அகந்தமீபா போன்ற மற்ற வகைகளும் காணப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் கிணறு, தொட்டிகளில் குளோரின் போடும் இயக்கத்தை அந்த மாநில அரசு நடத்தியது. நவம்பரில், சபரிமலை வரும் பக்தர்கள் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது.

நெக்லேரியா நோய் வந்தால் உலக அளவில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஆனால் 2024-ல் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் பிழைத்தான். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகளைத் தொடங்கியதால் அது முடிந்தது. இதிலிருந்து தாய்மார்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. குளித்த 12 நாளுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், வலிப்பு வந்தால் உடனே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்: "சார், பிள்ளை இத்தனை நாளைக்கு முன்னாடி இந்தக் குளத்துல முங்கிக் குளிச்சான்." இந்த ஒரு வரி தெரிந்தால்தான் முதுகுத்தண்டு நீரில் அமீபாவைத் தேடிப் பார்க்கும் எண்ணம் மருத்துவருக்கு வரும்.

நோய் மிக அரிது. ஆற்றுக் குளியலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஆபத்து குறைவு. கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு தீச்சட்டி எடுக்கிறோம். தண்ணீர் குறைந்த காலமாக இருந்தால் தேங்கிய குழியில் முங்காமல், ஓடும் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். முங்கத்தான் வேண்டும் என்றால் மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முங்கலாம். பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் குதிப்பதையும், அடிச் சகதியைக் கலக்கி விளையாடுவதையும் தடுக்க வேண்டும்.

மூன்றாம் வாசல்: கண்

நம் உறுப்பினர்களுக்கு மிக நெருக்கமான ஆபத்து இதுதான். ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

அகந்தமீபா மண்ணிலும், தூசியிலும், குளத்திலும், குழாய்த் தண்ணீரிலும் எங்கும் இருக்கிறது. இதன் உடம்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கிரேக்க மொழியில் அகந்தா என்றால் முள். நல்ல கண்ணை இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கருவிழியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். வெளிநாடுகளில் இது பெரும்பாலும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு வருகிறது. நம் நாட்டில் லென்ஸே போடாத, மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்கிற கிராமத்து மக்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 65 பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ அடி அல்லது கீறல் பட்டிருந்தது. கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய சரிபாதிப் பேருக்குப் பாக்டீரியா, அதே அளவு பேருக்குப் பூஞ்சைக் காளான். நூற்றுக்கு ஒருவருக்கு அகந்தமீபா. ஒருவர்தானே என்று விட முடியாது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மாற்றிப் போட்டால் கண் போய்விடும்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். களை எடுக்கும்போது நெல் தோகை கண்ணில் அடித்தது. வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவினார். வீட்டில் சொந்தக்காரப் பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அடங்கவில்லை. மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது போல இருந்தது, பிறகு வலி ஏறிவிட்டது. "கண்ணைப் பார்த்தா லேசாத்தான் செவந்திருக்குங்கிறாங்க. எனக்கு உசிரு போற வலிக்கா. வெளிச்சத்தைப் பார்க்க முடியல" என்று அழுதார். கண் மருத்துவமனைக்குப் போனபோது 13 நாள் ஆகியிருந்தது. புண்ணைச் சுரண்டிப் பார்த்து அமீபா என்று சொன்னார்கள். மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து, பல மாத வைத்தியம். கண் பிழைத்தது. ஆனால் கருவிழியில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் இப்போது ஆள் நிழல்தான் தெரியும். மருத்துவம், பஸ் செலவு, துணைக்குப் போனவரின் கூலி, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்ந்து குழுவில் வாங்கிய அவசரக் கடனைத் தாண்டிப் போயிற்று.

இதில் மூன்று பாடம் உண்டு.

ஒன்று: புண் சிறிதாகத் தெரியும், வலி பெரிதாக இருக்கும். அகந்தமீபாவின் முக்கிய அடையாளம் இது. நாள் சென்றால் கருவிழியில் வெள்ளை வளையம் போலத் தெரியலாம்.

இரண்டு: கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பை மறைத்து, கிருமியை வளரவிடும்.

மூன்று: தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, நாக்கால் தூசி எடுப்பது எதுவும் கூடாது. தாய்ப்பால் பிள்ளைக்கு அமுதம்தான். கீறல் பட்ட கண்ணுக்கு அது மருந்தல்ல.

நம் ஊர் கோயில் வரலாற்றிலேயே கண் இருக்கிறது. பார்வை இழந்த பாண்டிய மன்னன் கௌமாரியம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வணங்கிப் பார்வை பெற்றதாகச் சொல்கிறார்கள். கண் நோய் தீர ஆயிரங்கண் பானை எடுக்கிறோம். நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்துங்கள். அதோடு கீறல் பட்ட அன்றோ மறுநாளோ மருத்துவரிடமும் போய்விடுங்கள். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பரிசோதனைக் கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"நம்ம தண்ணியில அமீபா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க" என்று பலர் கேட்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

தண்ணீரை நுண்ணிய வடிகட்டியில் வடிக்கிறார்கள். மண் என்றால் தண்ணீரில் கரைத்து எடுக்கிறார்கள். கடற்பாசிக் கூழ் தடவிய தட்டில், அமீபாவுக்குத் தீனியாகப் பாக்டீரியாவைப் பூசி, அதன் மேல் இதை வைக்கிறார்கள். சில நாள் வெதுவெதுப்பில் வைத்தால், அமீபா பாக்டீரியாவைத் தின்றுகொண்டே போன தடம் உருப்பெருக்கியில் தெரியும். 42 டிகிரிக்கு மேலும் வளர்கிறது என்றால் சந்தேகம் கூடும். ஏனென்றால் மனித உடம்பின் சூட்டைத் தாங்குகிற வகைதான் நமக்கு ஆபத்து.

அடுத்து வடிநீரில் போட்டுப் பார்க்கிறார்கள். சில மணி நேரத்தில் பேரிக்காய் வடிவம் எடுத்து, இரண்டு வால் முளைத்து நீந்தினால் நெக்லேரியா வகை. முள் நீட்டிக்கொண்டு, இரட்டைச் சுவர்க் கூடு கட்டினால் அகந்தமீபா. நெக்லேரியாவில் ஆபத்தில்லாத வகைகளும் உண்டு. எந்த வகை என்பதை உறுதிசெய்யப் பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனை வேண்டும். கண் புண்ணில் சுரண்டி எடுத்ததை உருப்பெருக்கியில் பார்த்தால் கூடு தெரியும். சீதபேதிக்கு மலப் பரிசோதனை செய்கிறார்கள்.

இவை எல்லாம் பெரிய பரிசோதனைக் கூடத்து வேலை. வீட்டிலோ ஊராட்சியிலோ செய்ய முடியாது. அமீபா கண்டுபிடிக்கும் கருவி என்று யாராவது வீட்டு வாசலில் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நம்மால் செய்ய முடிந்த பரிசோதனை

அமீபாவைத் தேட முடியாது. அது பெருகுவதற்கு இடம் கொடுக்கும் குறைகளைத் தேட முடியும். சுற்றுக் கிராம ஊராட்சிகளில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி என்று ஏற்பாடு உண்டு. அந்தப் பெட்டியில் இரண்டு சோதனைகள் நமக்கு முக்கியம்.

குளோரின் சோதனை: தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட வேண்டும். நிறம் மாறினால் குளோரின் இருக்கிறது. அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 பி.பி.எம். இருக்க வேண்டும். டேங்குக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று எழுதக் கூடாது.

பாக்டீரியா பாட்டில் சோதனை: தண்ணீர் ஊற்றி வைத்து ஒன்றிரண்டு நாளில் கறுத்துப் போனால் மலக் கலப்பு இருக்கலாம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் கணக்கு: 1,000 லிட்டருக்கு 4 கிராம். பவுடரில் கால் பங்கு குளோரின் இருந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரும். 30,000 லிட்டர் டேங்க் என்றால் 120 கிராம். பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். மூடியில்லாமல் கிடந்த பவுடரில் வீரியம் போயிருக்கும்.

குளோரின் நெக்லேரியாவைக் கொல்லும். அகந்தமீபாவின் கூட்டையும் சீதபேதி அமீபாவின் கூட்டையும் முழுதாகக் கொல்லாது. அதனால் குடிப்பதற்குக் கொதிநீர், டேங்குக்குக் குளோரின், கண்ணுக்கு உடனடி வைத்தியம் என்று மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் தெருவில் எத்தனை குழாய் சாக்கடைக்குள் ஓடுகிறது? எங்கே கசிகிறது?
2. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எந்தத் தேதியில் கழுவினார்கள்? 15 நாளுக்கு ஒரு முறை நடக்கிறதா?
3. கடந்த ஓராண்டில் நம் குழுவில் யாருக்குக் கண்ணில் அடிபட்டது? எத்தனை நாள் கழித்து மருத்துவரிடம் போனார்கள்? ஏன் தாமதம்?
4. பிள்ளைகள் விடுமுறையில் எங்கே குளிக்கப் போகிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், "கையில காசு இல்ல, ஒருநாள் கூலி போயிடும்" என்பதுதான். அதனால் இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் கீழ்க்கண்ட தீர்மானத்தை விவாதித்துத் தீர்மான நோட்டில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

"உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ கண்ணில் காயம் பட்டால், அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்காமல், ஊக்குநரும் பிரதிநிதியும் அன்றே சங்க சேமிப்பிலிருந்து அவசரக் கடன் வழங்கலாம். ஒரு உறுப்பினர் துணைக்குப் போக வேண்டும். கடனுக்கான ஒப்புதலை அடுத்த கூட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம்."

தொகை எவ்வளவு என்பதை உங்கள் குழுவே முடிவு செய்யட்டும். தீர்மானம் போட்ட குழுக்கள் அதன் நகலையும், கடைசிக் குழாய்க் குளோரின் அளவையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாத் தெருவின் அளவையும் ஒரே தாளில் எழுதிப் பேரூராட்சியிலும் ஊராட்சிகளிலும் மனுவாகக் கொடுப்போம்.